வட்டி முடிவுக்குப் பங்குச் சந்தையா மதிப்பெண் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தை ஒரு நாள்கூட விடாமல் படிக்கிற வாசகன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்த நாட்டு மத்திய வங்கி வட்டியை மாற்றினாலும் கண் முதலில் அந்தச் செய்திக்குத்தான் போகும். ரொம்ப நாளாக மனதை உறுத்திக்கொண்டிருக்கிற ஒன்றை இன்று எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் நீளமாகப் போகும், முழுவதையும் போட இடம் இருக்காது என்று தெரியும்; நீங்களாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். மத்திய வங்கித் தலைவர் ஒருவர் வட்டியை ஏற்றினாலும், இறக்கினாலும், இருந்த இடத்திலேயே விட்டாலும், மறுநாள் செய்தியின் முதல் வரி பங்குச் சந்தையைப் பற்றியதாகவே இருக்கிறது. 'சந்தைக்கு ஏமாற்றம்', 'முதலீட்டாளர்கள் உற்சாகம்', இத்தனை புள்ளி ஏற்றம், இத்தனை புள்ளி சரிவு. அவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார், விலைவாசி எங்கே நிற்கிறது, வேலை நிலவரம் எப்படி இருக்கிறது, கடன் வாங்கினவருக்கும் டெபாசிட் போட்டவருக்கும் இதனால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஐந்தாவது பத்தியில், அதுவும் இடம் மிச்சம் இருந்தால். தினமும் இப்படியே படிக்கிறவர் மனதில் என்ன பதியும்? குறியீட்டெண் ஏறினால் முடிவு சரி, இறங்கினால் முடிவு தப்பு. இதைவிடத் தவறான பாடம் பணக்கொள்கையில் வேறு இல்லை என்று நினைக்கிறேன், அதற்கான காரணங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக 1979 ஆகஸ்ட் முதல் 1987 ஆகஸ்ட் வரை இருந்த பால் வோல்க்கரிடம் இருந்து தொடங்குகிறேன். பணம், சந்தை இரண்டைப் பற்றியும் அவருக்கு இருந்த பார்வைதான் எனக்கு இன்றும் அளவுகோல்.

அவர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1979 செப்டம்பர் கடைசியில் பெல்கிரேட் நகரத்தில் சர்வதேச நிதியத்தின் ஆண்டுக் கூட்டம் நடக்கிறது. அதையொட்டி ஆர்தர் பர்ன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். 1970 முதல் 1978 வரை அதே ஃபெடரல் ரிசர்வுக்குத் தலைவராக இருந்தவர், அவர் காலத்தில்தான் பணவீக்கம் கைமீறிப் போனது. உரையின் தலைப்பே மத்திய வங்கிப் பணியின் வேதனை என்பதுதான். பணவீக்கத்தை முளையிலேயே கிள்ளும் அதிகாரம் எங்களிடம் இருந்தது, ஆனாலும் அன்றைய அரசியல் ஓட்டமும் சிந்தனை ஓட்டமும் எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டன என்பது அதன் சாரம். ஒரு மனிதர் தன் வாழ்நாள் பணியைத் திரும்பிப் பார்த்து, கையில் மருந்து இருந்தும் கொடுக்க முடியவில்லை என்று பல நாட்டு நிதித்துறையினர் கூடியிருந்த ஊரில் நின்று சொல்கிறார். அந்த ஊரில் அப்போது வோல்க்கரும் இருந்தார். கூட்டம் முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை, முன்கூட்டியே கிளம்பி வாஷிங்டன் திரும்பிவிட்டார்.

அக்டோபர் 6, சனிக்கிழமை மாலை. சந்தைகள் மூடியிருந்த நேரம். செய்தியாளர்களைக் கூட்டி அவர் அறிவித்தது சாதாரண வட்டி உயர்வு இல்லை. அதுவரை குறுகிய கால வட்டி இவ்வளவு இருக்க வேண்டும் என்று குறி வைத்துக்கொண்டு நடந்த மத்திய வங்கி, இனி வங்கிகளின் கையிருப்புப் பணத்தின் அளவை இறுக்கிப் பிடிக்கும், வட்டி எங்கே போகிறதோ போகட்டும் என்றார். வட்டி போனது. 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. கடன் வாங்கி வீடு கட்டுகிறவர், டிராக்டர் வாங்கின விவசாயி, கார் விற்பனையாளர் என்று எல்லோருடைய பிழைப்பும் அப்படியே நின்றது. 1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் விகிதம் 10.8 சதவீதம்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. வீடு கட்டும் தொழிலில் இருந்தவர்கள் வோல்க்கருக்கு மரத்துண்டுகளைத் தபாலில் அனுப்பினார்கள். வீட்டுச் சட்டத்துக்குப் போடுகிற சாதாரணக் கட்டையை வெட்டி, அதன் மேலேயே வட்டியைக் குறையுங்கள் என்று எழுதி, முகவரி ஒட்டி அனுப்பிவிட்டார்கள். வீடே எழும்பவில்லை, மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அதன் பொருள். கார் விற்பனையாளர்கள் விற்காமல் நின்ற கார்களின் சாவிகளை அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டரிலேயே வந்து ஃபெடரல் ரிசர்வ் கட்டிடத்தை முற்றுகையிட்டார்கள். ஒரு மத்திய வங்கித் தலைவரின் மேசைக்கு வந்து சேர வேண்டிய செய்தி இப்படிப்பட்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய செய்தி. குறியீட்டெண் இத்தனை புள்ளி சரிந்தது என்கிற வரி அந்த மரத்துண்டுக்கு ஈடாகுமா?

சரி, அவர் அந்தக் குரல்களைக் கேட்டு உடனே வட்டியைக் குறைத்தாரா? 1980இல் கொஞ்சம் தடுமாறினார், கடன் கட்டுப்பாடு அது இது என்று போய், பொருளாதாரம் சட்டென்று படுத்ததும் வட்டி இறங்கிவிட்டது, பிறகு மறுபடியும் ஏற்ற வேண்டியதாயிற்று. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த வட்டி உயர்வின் சுமை அமெரிக்க எல்லைக்குள்ளேயே நிற்கவும் இல்லை. டாலரில் கடன் வாங்கியிருந்த மெக்சிகோ 1982 ஆகஸ்டில் கட்ட முடியாது என்று கைவிரித்தது, லத்தீன் அமெரிக்கா முழுவதும் ஒரு தலைமுறையின் பத்து வருஷம் கடனிலேயே கரைந்தது. ஆனால் 1980 தொடக்கத்தில் 15 சதவீதத்தை நெருங்கிய பணவீக்கம் 1983இல் 3 சதவீதம் அளவுக்கு இறங்கியது, அதற்கப்புறம் இன்றுவரை அந்த உயரத்தைத் தொடவில்லை.

இப்போது உங்கள் வணிகப் பக்கத்தின் கணக்குப்படி வோல்க்கருக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். அந்தச் சனிக்கிழமை அறிவிப்புக்கு அடுத்த வாரமே பங்குகள் சரிந்தன. அன்றைய தலைப்பு நிச்சயமாக 'சந்தைக்கு ஏமாற்றம்' என்றுதான் இருந்திருக்கும். மூன்று வருஷம் கழித்து, 1982 ஆகஸ்டில், டோ ஜோன்ஸ் குறியீடு 800க்கும் கீழே கிடந்தது. இன்னும் தோல்விதான். அவர் பதவி விலகிய 1987 ஆகஸ்டில் அது 2,600ஐத் தாண்டியிருந்தது. அப்படியானால் மாபெரும் வெற்றி என்று எழுதலாமா? அதுவும் முடியாது, ஏனென்றால் இரண்டே மாதத்தில், அக்டோபர் 19 அன்று, அதே குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. சந்தையை வைத்து அவரை எந்த நாளில் அளந்தாலும் தப்பான விடைதான் வரும்.

சந்தைகளைப் பற்றி அவர் வைத்திருந்த கருத்தும் எனக்கு நெருக்கமானது. 2009இல், உலகமே நிதி நெருக்கடியில் கிடந்தபோது, வங்கியாளர்கள் கூட்டத்தில் அவர் சொன்னது பிரபலம்: கடந்த இருபது வருஷத்தில் தான் பார்த்த முக்கியமான நிதித்துறைக் கண்டுபிடிப்பு ஏடிஎம் இயந்திரம்தான் என்றார். மக்களுக்கு நேராகப் பயன்பட்டது அது ஒன்றுதான், மற்ற சிக்கலான பத்திரங்களால் யாருடைய வாழ்க்கை மேம்பட்டது என்று காட்டுங்கள் என்பது அவர் கேள்வி. மக்களின் டெபாசிட்டை வைத்திருக்கும் வங்கி தன் லாபத்துக்காகச் சந்தையில் பந்தயம் கட்டக் கூடாது என்று 2010 சட்டத்தில் வந்த விதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கவுன்டரில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன், அந்தக் கருத்தின் அருமை எங்களுக்குத் தெரியும்.

அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில்தான் மத்திய வங்கியும் சந்தையும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு வாழ ஆரம்பித்தன. 1987 சரிவுக்கு மறுநாள், வோல்க்கருக்கு அடுத்துத் தலைவரான ஆலன் கிரீன்ஸ்பான் ஒரே வாக்கியத்தில் அறிக்கை விட்டார், வங்கிகளுக்குத் தேவையான பணம் தர ஃபெடரல் ரிசர்வ் தயாராக இருக்கிறது என்று. அன்றைக்கு அது சரியான செயல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு சரிவிலும் வட்டி இறங்க இறங்க, விழுந்தால் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை சந்தையில் ஊறிவிட்டது. அதற்குச் சந்தைக்காரர்கள் பெயரே வைத்துவிட்டார்கள், 'கிரீன்ஸ்பான் புட்' என்று. பங்கின் விலை விழுந்தாலும் குறித்த விலைக்கு விற்றுக்கொள்ளும் உரிமைக்குச் சந்தை மொழியில் புட் என்று பெயர். காசு கொடுத்து வாங்க வேண்டிய பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கிறது என்று பொருள். 1996 டிசம்பரில் அவரே பங்கு விலைகளில் பகுத்தறிவுக்குப் பொருந்தாத உற்சாகம் தெரிகிறதோ என்று ஒரு உரையில் கேட்டார், உலகச் சந்தைகள் ஒரு நாள் நடுங்கின, அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கு மேல் விலை ஏறிக்கொண்டே போய் 2000 மார்ச்சில் 5,000ஐத் தாண்டிய நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குக் குறியீடு, 2002 அக்டோபருக்குள் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது. வட்டி 6.5 சதவீதத்தில் இருந்து 2003இல் 1 சதவீதத்துக்கு வந்தது, அந்த மலிவுப் பணம் வீட்டுக் கடன் பக்கம் பாய்ந்தது. மிச்சக் கதை எல்லோருக்கும் தெரியும். 2008 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற தன் நம்பிக்கையில் பிழை கண்டுவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார்.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2005 ஆகஸ்டில், மத்திய வங்கியாளர்கள் வருஷா வருஷம் அமெரிக்காவில் கூடும் ஜாக்சன் ஹோல் மாநாட்டில் ரகுராம் ராஜன் எழுந்து நின்று ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவர் சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர், பிற்பாடு 2013இல் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் ஆனார். கிரீன்ஸ்பான் பதவிக்காலத்தைக் கொண்டாடக் கூடிய கூட்டம் அது. அங்கே போய், நிதித்துறை வளர்ச்சி உலகத்தை ஆபத்தானதாக்கியிருக்கிறதா என்று அவர் கேட்டார். வட்டி குறைவாக இருக்கும் காலத்தில், வாக்குக் கொடுத்த வருமானத்தைக் காட்டியே ஆக வேண்டிய நிதி மேலாளர்கள் மேலும் மேலும் ஆபத்தான இடங்களுக்குப் பணத்தைக் கொண்டுபோவார்கள், அந்த ஆபத்து வெளியே தெரியாமல் சேர்ந்துகொண்டே போகும் என்றார். அறையில் வரவேற்பு இல்லை, பழமைவாதி போலப் பேசுகிறார் என்று விமர்சனம் வந்தது.

அவர் சொன்னதை நான் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வட்டி இறங்கிக்கொண்டே போன ஒரு காலத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் டெபாசிட்டைப் புதுப்பிக்க என் கவுன்டருக்கு வந்தார். நாலாக மடித்த ரசீதைக் கைப்பையில் இருந்து எடுத்து, மடிப்பை ஒவ்வொன்றாக நீவி விரித்து என் முன்னால் வைத்தார். புதிய வட்டியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போன தடவையைவிடக் கம்மியா இருக்கே தம்பி, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. எங்கோ ஒரு அறையில் எடுத்த முடிவு அவர் மாத வருமானத்தில் ஒரு துண்டை வெட்டியிருந்தது. இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் மேலிடத்தில் இருந்து எங்களுக்கு வாய்மொழி உத்தரவு இருந்தது, வட்டி குறைந்துவிட்டதே என்று வருத்தப்படும் டெபாசிட்காரர்களிடம் சந்தை சார்ந்த திட்டங்களை எடுத்துச் சொல்லுங்கள் என்று. நானும் அந்தப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இதில் போட்ட பணம் குறையாதா என்று கேட்டார். குறையலாம் என்றேன். படிவத்தை விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டு, பழைய டெபாசிட்டிலேயே போடச் சொல்லிவிட்டார். எல்லோரும் அப்படித் தள்ளவில்லை. நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களில் சிலர், பிறகு சந்தை விழுந்தபோது அதே கவுன்டருக்கு வந்து நின்றார்கள். அந்த முகங்களை நான் மறக்கவில்லை.

குறைந்த வட்டியே தவறு என்று சொல்ல வரவில்லை. வேலை போய் ஜனங்கள் நிற்கும்போது வட்டி இறங்கத்தான் வேண்டும், டெபாசிட்காரர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவு வேலைக்காகவும் விலைவாசிக்காகவும் எடுத்ததாக இருக்க வேண்டும், சந்தை முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக எடுத்ததாக இருக்கக் கூடாது.

அப்படியானால் சந்தை விழும்போது மத்திய வங்கி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது செய்திகளில் எப்போதும் தொலைந்துபோகிறது. விலை இறங்குவது ஒன்று, வாங்கவும் விற்கவும் ஆளே இல்லாமல் சந்தை உறைந்துபோவது இன்னொன்று. பங்கு வாங்கினவர் நஷ்டப்படுவது அவர் தெரிந்தே ஏற்ற ஆபத்து. ஆனால் 2020 மார்ச்சில் நடந்தது வேறு. உலகத்திலேயே மிகப் பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்பும் அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்தையே விற்க முடியாமல் பெரிய நிறுவனங்கள் தவித்தன, எல்லோருக்கும் ரொக்கம் வேண்டும், யாரிடமும் ரொக்கம் இல்லை. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நாளைக்குச் சம்பளம் போடுகிற கம்பெனிக்கும் பணம் வராது. ஃபெடரல் ரிசர்வ் அப்போது களத்தில் இறங்கிப் பத்திரங்களைத் தானே வாங்கியது, அதன் சொத்துக் கணக்கு 4 லட்சம் கோடி டாலர் சொச்சத்தில் இருந்து சில மாதங்களில் 7 லட்சம் கோடிக்குப் போனது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் குறை சொல்வது அதற்கப்புறம் நடந்ததை. குழாய் அடைப்பு நீங்கி ரொம்ப நாள் ஆகியும், மாதம் 120 பில்லியன் டாலருக்குப் பத்திரம் வாங்குவது 2021 நவம்பர் வரை குறையவே இல்லை. பங்குச் சந்தை எப்போதோ பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது, இது தற்காலிகம்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2022 மார்ச்சில் முதல் வட்டி உயர்வு வந்தபோது அமெரிக்கப் பணவீக்கம் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தது, பத்திரம் வாங்குவதும் அதே மாதம்தான் நின்றது. ஜூனில் 9.1 சதவீதம்.

ஏன் இவ்வளவு தயங்கினார்கள்? பல காரணம் சொல்கிறார்கள். என் கணிப்பில் 2013இன் பயம் ஒரு முக்கியக் காரணம். அந்த வருஷம் மே 22 அன்று அப்போதைய தலைவர் பென் பெர்னான்கி, வரும் கூட்டங்களில் பத்திரம் வாங்குவதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். குறைத்துவிடவில்லை, குறைக்கலாம் என்றுதான் சொன்னார். உண்மையான குறைப்பு அறிவிப்பு அந்த டிசம்பரில்தான் வந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கே பத்து வருஷ அமெரிக்கப் பத்திரத்தின் வட்டி 2 சதவீதத்தில் இருந்து செப்டம்பருக்குள் 3 சதவீதம் அளவுக்கு ஏறியது, இந்திய ரூபாய், இந்தோனேசிய ருபியா, பிரேசில் ரியால், துருக்கி லிரா, தென்னாப்பிரிக்க ராண்ட் எல்லாம் அடிவாங்கின. சந்தையின் அடம் என்றே அந்தச் சம்பவத்துக்குப் பெயர் வந்துவிட்டது. அந்த அடத்தைப் பார்த்தவர்கள் அடுத்த முறை பல மாதம் முன்பே சொல்லி, மெல்ல மெல்ல, யாரும் அதிராதபடி நகர வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். யாரும் அதிரவில்லை. விலைவாசி மட்டும் காத்திருக்கவில்லை. பங்கே வைத்திருக்காதவர்கள்தான் அந்தத் தாமதத்துக்கான விலையைக் கடையில் கொடுத்தார்கள்.

பெர்னான்கி பதவி விலகிய பிறகு பணக்கொள்கை என்பது 98 சதவீதம் பேச்சு, 2 சதவீதம்தான் செயல் என்று எழுதினார். அதில் உண்மை இருக்கிறது. 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ திராகி யூரோவைக் காக்க எது வேண்டுமானாலும் செய்வோம் என்று லண்டனில் சொன்ன ஒரு வாக்கியத்திலேயே, 7 சதவீதத்துக்கு மேல் போயிருந்த ஸ்பெயின் பத்திர வட்டி இறங்கத் தொடங்கியது. அதற்காக அறிவித்த திட்டத்தில் ஒரு பத்திரம்கூட வாங்க வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் பேச்சுக்கு இவ்வளவு சக்தி இருப்பதால்தான் எனக்குக் கவலை. 1994க்கு முன்னால் ஃபெடரல் ரிசர்வ் தன் வட்டி முடிவை அன்றே அறிவிக்கும் வழக்கமே கிடையாது, சந்தையில் பணம் எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்த இருட்டு திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இன்று மத்திய வங்கி அடுத்து என்ன செய்யும் என்று சந்தை பார்க்கிறது, சந்தை என்ன எதிர்பார்க்கிறது என்று மத்திய வங்கி பார்க்கிறது. வழி தெரியாத இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் நடப்பது போல ஆகிவிட்டது, இரண்டு பேருக்கும் முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்ற நம்பிக்கை.

இதற்கு அண்மை உதாரணம் ஜப்பான். 2024 மார்ச் வரை வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே வைத்திருந்த ஜப்பான் மத்திய வங்கி, ஜூலை 31 அன்று 0.25 சதவீதம் ஆக்கியது. கவனியுங்கள், கால் சதவீதம். அடுத்த சில நாளில் அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் மோசமாக வந்து சேர, யென்னில் மலிவாகக் கடன் வாங்கி உலகமெங்கும் முதலீடு செய்திருந்தவர்கள் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டு ஓடினார்கள். ஆகஸ்ட் 5 அன்று நிக்கெய் 12.4 சதவீதம் விழுந்தது, 1987க்குப் பிறகு அவ்வளவு பெரிய ஒரு நாள் சரிவு இல்லை. மறுநாளே 10 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. அதாவது ஒரு வேகமான விற்பனை, அவ்வளவுதான், நாட்டின் தொழிலில் எதுவும் மாறிவிடவில்லை. ஆனாலும் ஆகஸ்ட் 7 அன்று துணை ஆளுநர் சந்தை நிலையில்லாமல் இருக்கும்போது வட்டியை ஏற்ற மாட்டோம் என்று சொன்னார். அன்றைக்குப் பதற்றத்தைத் தணிக்க அது உதவியது என்பது சரி. அடுத்த உயர்வு 2025 ஜனவரியில் வரவும் செய்தது. இருந்தாலும் அந்த வாக்கியத்தை ஒரு மத்திய வங்கியாளர் வாயில் கேட்டபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இனி வட்டி உயர்வு பிடிக்காதவர்கள் என்ன செய்தால் போதும் என்று அதிலேயே இருக்கிறதே.

சந்தை சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். துருக்கியில் வட்டியைக் குறைத்தால் பணவீக்கம் குறையும் என்ற அதிபரின் பிடிவாதத்துக்கு ஒத்துவராத ஆளுநர்கள் ஒருவர் பின் ஒருவராக நீக்கப்பட்டபோது, லிராவின் சரிவுதான் உண்மையை உரக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் அங்கே அரசுக் கணக்கிலேயே பணவீக்கம் 85 சதவீதம். சந்தையின் சாட்சியைக் கேட்கத்தான் வேண்டும். சாட்சிக்கூண்டில் நிற்பவரைத் தீர்ப்பு எழுத உட்கார வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

2022 ஆகஸ்ட் 26 அன்று, அப்போதைய ஃபெடரல் ரிசர்வ் தலைவர் ஜெரோம் பவல் ஜாக்சன் ஹோலில் பேசியதை நான் நேரலையில் பார்த்தேன். எட்டு நிமிடம், அவ்வளவே. குடும்பங்களுக்கும் தொழில்களுக்கும் வலி இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார், வோல்க்கரின் பெயரையும் சொன்னார். அன்று டோ ஜோன்ஸ் சுமார் 1,000 புள்ளி விழுந்தது. அந்தப் பேச்சில் எனக்குப் பெரிய நிம்மதி இருந்தது, தாமதமாக வந்தாலும் ஒரு மனிதர் நேராகப் பேசுகிறாரே என்று. மறுநாள் தாள்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் அந்த 1,000 புள்ளிதான் தலைப்பு. அந்த எட்டு நிமிடத்தில் அவர் என்ன சொன்னார் என்பதற்கு நாலு வரி.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த மத்திய வங்கி முடிவு வந்தாலும், விலைவாசி இப்போது எவ்வளவு, அவர்கள் வைத்திருக்கும் இலக்கு எவ்வளவு, வேலை நிலவரம் என்ன, குழுவில் எத்தனை பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் யார், ஏன் எதிர்த்தார் என்பதை முதல் பத்தியில் போடுங்கள். இங்கிலாந்து வங்கி யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை அன்றைக்கே வெளியிடுகிறது. ஃபெடரல் ரிசர்வின் கூட்டக் குறிப்பு மூன்று வாரத்தில் வெளியாகிறது. யாருக்கு எந்த விஷயத்தில் சந்தேகம் இருந்தது, எதை நினைத்துப் பயந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது, அதைத் தமிழில் யாரும் அரைப் பக்கம்கூடப் போடுவதில்லை. கடனுக்கும் டெபாசிட்டுக்கும் இதனால் எப்போது என்ன மாறும் என்று ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போட்டால், கவுன்டரில் ரசீதோடு நிற்கிறவருக்கு அது உதவும். குறியீட்டெண் கடைசி வரியில் இருக்கட்டும், தேவைப்படுகிறவர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார்.

அந்தக் கூட்டக் குறிப்புகளைப் பத்து வருஷத்துக்கு மேலாகப் படித்து வருகிறேன். சுருக்கமாகத் தமிழில் எழுதித் தர ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர்